நாகாலாந்தில் ஒரு வழக்கு நடக்கும் வழி: ஊர் மன்றம் முதல் உச்ச நீதிமன்றம் வரை முழுமையான வழிகாட்டி

மலைச்சரிவில் இரண்டு குடும்பங்களுக்கு அடுத்தடுத்து நிலம் இருக்கிறது. நடுவில் ஓடும் ஓடைதான் எல்லை. ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து ஓடை இருபது அடி தள்ளி ஓடத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டா இல்லை, சர்வே எண் இல்லை. பழைய ஓடை எங்கே ஓடியது என்று சொல்லக்கூடியவர்கள் ஊரில் நாலைந்து கிழவர்கள்தான். இப்போது இந்த இருபது அடி யாருடையது? இதை யாரிடம் போய்க் கேட்பது?

நாகாலாந்தின் நீதிமன்ற அமைப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அங்கே பெரும்பாலான நிலம் அளக்கப்படாத நிலம். அது ஊருக்கோ, குலத்துக்கோ, தனி ஆளுக்கோ சொந்தமாக இருக்கும். எது யாருடையது என்பது ஊரின் நினைவில் இருக்கிறது. அதனால் வழக்கும் அந்த நினைவு இருக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. சட்டம் படிப்பவர்கள், வேலை நிமித்தமாக அங்கே போகிறவர்கள், அந்த மாநிலத்தைப் பற்றி எழுத நினைப்பவர்கள் என எல்லோருக்கும் பயன்படட்டும் என்று, அந்த வழியைப் படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடலாம்

"வடகிழக்குப் பழங்குடி மாநிலம், அப்படியென்றால் ஆறாவது அட்டவணை" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். நாகாலாந்துக்கு அது பொருந்தாது. அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணை இன்று அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் ஆகிய நான்கு மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளுக்கு உரியது. அங்கெல்லாம் தன்னாட்சி மாவட்ட மன்றங்களும், அவற்றின் கீழ் நீதிமன்றங்களும் உண்டு. 1950இல் நாகா மலை மாவட்டத்தையும் அந்த அட்டவணையில் சேர்த்தார்கள். நாகா மக்கள் அதை ஏற்கவில்லை. மாவட்ட மன்றம் அமையவே இல்லை.

அதற்குப் பதிலாக வந்தது அரசியலமைப்பின் 371ஏ பிரிவு. 1960இல் மத்திய அரசுக்கும் நாகா தலைவர்களுக்கும் இடையே ஏற்பட்ட 16 அம்ச உடன்பாட்டில் இருந்து பிறந்தது அது. 1962இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. 1963 டிசம்பர் 1 அன்று நாகாலாந்து தனி மாநிலம் ஆனது. இந்தப் பிரிவு நான்கு விஷயங்களைப் பெயர் சொல்லிக் காக்கிறது: நாகாக்களின் சமய, சமூக நடைமுறைகள், அவர்களுடைய வழக்காற்றுச் சட்டமும் அதன் நடைமுறையும், அந்த வழக்காற்றின்படி தீர்ப்புச் சொல்லும் சிவில், கிரிமினல் நீதி நிர்வாகம், நிலமும் அதன் வளங்களும் யாருக்குச் சொந்தம், எப்படிக் கைமாறலாம் என்பது. இந்த நான்கில் நாடாளுமன்றம் இயற்றும் சட்டம், மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் நாகாலாந்தில் செல்லும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டம் தன் முதல் பிரிவிலேயே நாகாலாந்தை விலக்கிவைக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் அப்படித்தான் இருந்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், அமைதி காப்பது, தடுப்பு நடவடிக்கை எடுப்பது போன்ற சில அத்தியாயங்கள் தவிர, அங்கே நேரடியாகப் பொருந்தாது. அப்படியானால் நீதிமன்றங்கள் எதைப் பார்த்து நடக்கின்றன? பிரிட்டிஷ் காலத்தில், 1937இல், நாகா மலை மாவட்டத்துக்காக எழுதப்பட்ட நீதி மற்றும் காவல் நிர்வாக விதிகளைப் பார்த்துத்தான். பின்னாளில் திருத்தப்பட்ட வடிவில் அவை இன்றும் உயிரோடு இருக்கின்றன. நடைமுறைச் சட்டங்களின் எழுத்து கட்டுப்படுத்தாது, அவற்றின் உணர்வைப் பின்பற்ற வேண்டும் என்பதே அந்த விதிகளின் சாரம்.

எழுதப்பட்ட முழு நடைமுறை இல்லாமல் ஒருவரை விசாரிப்பது சமத்துவ உரிமைக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் விரோதம் என்று ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நாகாலாந்து அரசுக்கும் ரத்தன் சிங் என்பவருக்கும் இடையிலான அந்த வழக்கில், 1966இல் நீதிமன்றம் 1937 விதிகள் செல்லும் என்று சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ளாமல் நாகாலாந்து வழக்கு எதையும் படிக்கத் தொடங்காதீர்கள்.

படி 1: கட்சிக்காரர்கள் யார், விஷயம் என்ன என்று பாருங்கள்

முதல் கேள்வி, இரு தரப்பும் நாகாக்களா? இரண்டாவது, தகராறு வழக்காற்றுக்கு உட்பட்டதா? நிலம், எல்லை, வாரிசு, திருமணம், மணமுறிவு, ஊர் நீர், காடு, ஆடுமாடு மேய்ந்த நஷ்டம், சின்னத் திருட்டு, கைகலப்பு, அவமதிப்பு போன்றவை என்றால் வழி ஊர் மன்றத்தில் தொடங்குகிறது.

ஒரு தரப்பு வெளி மாநிலத்தவர் என்றாலோ, விஷயம் காசோலை, ஒப்பந்தம், வேலை, வங்கிக் கடன் போன்றது என்றாலோ, மாவட்டத்தில் உள்ள வழக்கமான நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கொலை, பாலியல் வன்முறை போன்ற கொடுங்குற்றங்களுக்குக் காவல் நிலையமும் அமர்வு நீதிமன்றமும். இந்த முதல் படியில் சரியான வாசலைப் பிடிக்காதவர்கள் பல வருடங்கள் அலைந்து, கடைசியில் "இதை முதலில் ஊரில் பேசினீர்களா?" என்ற கேள்விக்கே திரும்பி வருவார்கள்.

படி 2: ஊர் மன்றம்

நம் ஓடைத் தகராறு வரும் முதல் இடம் இதுதான். 73ஆவது திருத்தம் கொண்டுவந்த பஞ்சாயத்து அமைப்பு நாகாலாந்துக்குப் பொருந்தாது. அங்கே இருப்பது 1978ஆம் வருடச் சட்டத்தின்படி அமைந்த கிராம மன்றம். உறுப்பினர்களை ஊரார் தங்கள் வழக்கப்படி தேர்ந்தெடுக்கிறார்கள், மாநில அரசு அங்கீகரிக்கிறது, பதவிக்காலம் 5 வருடம். பரம்பரைத் தலைவர்களும் காவ்ன்புராக்களும் பதவி வழியாகவே உறுப்பினர்கள். காவ்ன்புரா என்றால் ஊர்ப் பெரியவர் என்று அர்த்தம், எல்லோரும் ஜி.பி. என்றே சொல்வார்கள். சிவப்புப் போர்வையோ சிவப்புக் கோட்டோ அணிந்திருப்பார். பிரிட்டிஷ்காரர்கள் அடையாளமாகக் கொடுத்த சிவப்பு அது. இன்று அது அந்தப் பதவிக்கான மரியாதையாகவே ஆகிவிட்டது.

இதைக் கட்டப்பஞ்சாயத்து என்று நினைத்துவிட வேண்டாம். ஊர் எல்லைக்குள் வழக்காற்றின்படி நீதி வழங்கும் அதிகாரத்தைச் சட்டமே இந்த மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது.

ஆனால் "நாகா வழக்காறு" என்று ஒற்றையாக எதுவும் கிடையாது. நாகாக்களில் பல இனங்கள் உண்டு. கொன்யாக் இனத்தாரிடம் ஆங் என்ற பரம்பரைத் தலைவர் இருக்கிறார். லோங்வா ஊர் ஆங்கின் வீடு இந்தியாவிலும் மியான்மரிலும் பாதிப்பாதியாக இருக்கும் அளவுக்கு அந்த அதிகாரம் நாட்டு எல்லைக்கு முந்தியது. சுமிகளிடமும் தலைவர் மரபு உண்டு. ஆவோக்களிடம் மூத்தோர் குழு. அங்காமி ஊர்களில் தனி ஒருவர் சொல் எடுபடாது. பேசிப் பேசித்தான் முடிவுக்கு வர வேண்டும். ஒரு ஊருக்குள்ளேயே கேல் எனப்படும் பிரிவுகள் இருக்கும். கோனோமாவில் மெர்ஹூமா, செமோமா, தெவோமா என்று மூன்று. ஒரே கேலுக்குள் வந்த தகராறு முதலில் அங்கேயே பேசப்படும். ஆகவே எந்த இனம், எந்த ஊர், எந்தக் கேல் என்று தெரியாமல் "வழக்காறு இப்படித்தான்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

விசாரணை எப்படி நடக்கும்? வழக்கறிஞர் கிடையாது. இரு தரப்பும் தங்கள் கதையைச் சொல்வார்கள். நிலம் பற்றியது என்றால் பெரியவர்கள் நேரில் போய்ப் பார்ப்பார்கள். "உன் அப்பா இந்த மரத்தை எப்போது வெட்டினார், அப்போது யாரும் ஏன் தடுக்கவில்லை?" போன்ற கேள்விகள்தான் இங்கே குறுக்கு விசாரணை. பட்டா இல்லாத இடத்தில் யார் வெட்டினார், யார் உழுதார், யார் விறகு எடுத்தார், யார் வாய் திறக்காமல் இருந்தார் என்பவையே ஆவணம். தண்டனை பெரும்பாலும் அபராதம். பணமாகவோ, பன்றியாகவோ, மிதுன் மாடாகவோ இருக்கலாம். மிகப் பெரிய தவறுக்கு ஊரை விட்டே விலக்குவார்கள். நிலத்தோடும் குலத்தோடும் பிணைந்த வாழ்க்கையில் அதைவிடக் கனமான தண்டனை இல்லை.

இந்த இடத்தில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு. முடிவு எதுவானாலும் அதை எழுத்தில் வாங்குங்கள். தேதி, இருந்தவர்கள் பெயர், எல்லைக் குறிகள், மன்றத்தின் முத்திரை எல்லாம் அதில் இருக்கட்டும். பத்து வருடம் கழித்து உயர் நீதிமன்றத்தில் இந்த வழக்கு நின்றால், எல்லோரும் தேடப்போவது அந்த ஒரு தாளைத்தான்.

படி 3: இரண்டு ஊர்களுக்கு நடுவே வந்தால்

ஓடையின் அந்தப் பக்கம் வேறு ஊர் என்றால் விஷயம் கனமாகிவிடும். இரண்டு மன்றங்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசித் தீர்க்கச் சட்டம் வழிவிடுகிறது. ஊர் எல்லைத் தகராறுகள் தலைமுறைகளைத் தாண்டும். பழைய டெபுடி கமிஷனர் ஒருவர் எப்போதோ எழுதிவைத்த குறிப்பைக்கூட இரு தரப்பும் தேடி எடுத்து வரும். ஹட்டன், மில்ஸ் போன்ற பிரிட்டிஷ் அதிகாரிகள் நாகா இனங்களின் வழக்கங்களை விரிவாகப் பதிவு செய்தவர்கள். அந்தப் பதிவுகளுக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் அவை வெளியிலிருந்து வந்தவர்கள் கேட்டு எழுதியவை என்பதை மறக்கக் கூடாது.

படி 4: தோபாஷி நீதிமன்றம்

துபாஷி என்றதும் நமக்கு நினைவு வருவது ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்தவர். நாகாலாந்தின் தோபாஷி அதே சொல்தான்: இரு மொழி தெரிந்தவர். அதிகாரிக்கு நாகா மொழி தெரியாது, ஊராருக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்க வந்தவர், ஒவ்வொரு இனத்தின் வழக்கத்தையும் அதிகாரிக்கு விளக்கிச் சொல்லிச் சொல்லி, காலப்போக்கில் வழக்காற்றின் நீதிபதியாகவே ஆகிவிட்டார். நம் பக்கம் துபாஷிகளின் காலம் கும்பினி ஆட்சியோடு போய்விட்டது. அங்கே அந்தச் சொல் இன்னும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்த விஷயம் இது.

ஊர் மன்றத்தின் முடிவை ஒருவர் ஏற்கவில்லை என்றால் அடுத்ததாக நிர்வாகத் தலைமையிடங்களில் உள்ள தோபாஷி நீதிமன்றத்துக்கு வருவார். சிவப்பு மேலங்கி அணிந்த தோபாஷிகள் குழுவாக உட்கார்ந்து கேட்பார்கள். இங்கும் வழக்கறிஞர் வாதம் கிடையாது. பேச்சு அந்தந்த இன மொழியிலோ, எல்லோருக்கும் பொதுவான நாகமீசிலோ நடக்கும். ஒருவரை ஜெயிக்கவைத்து மற்றவரை அனுப்பிவிடுவதைவிட, இருவரும் அதே ஊரில் தொடர்ந்து வாழ வழி இருக்கிறதா என்று பார்ப்பதே அவர்கள் முறை.

சாட்சியும் சமமாக நின்று, நினைவும் சமமாக நின்றால் என்ன செய்வது? அப்போது வருவது சத்தியம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நிலத் தகராறில் கடைசி வழியாகச் சத்தியம் செய்வது நாகா இனங்கள் பலவற்றில் இருந்துவரும் வழக்கம். மண்ணை வாயில் வைத்தோ, புலிப்பல்லைக் கடித்தோ, "இது என் நிலம், பொய் சொன்னால் நானும் என் குலமும் அழியட்டும்" என்ற பொருளில் சத்தியம் செய்வார்கள். பிறகு ஒரு காலக்கெடு. அதற்குள் சத்தியம் செய்தவர் பக்கம் சாவோ பெருங்கேடோ நேர்ந்தால் அவர் தோற்றார், நேராவிட்டால் நிலம் அவருடையது. கேட்பதற்கு எளிதாக இருக்கலாம். ஆனால் சத்தியம் ஒருவர் தலையில் மட்டும் இறங்குவதில்லை, மொத்தக் குலத்தின் மேலும் இறங்குகிறது. அதனால்தான் பலர் சத்தியத்துக்கு முதல் நாள் இரவில் சமரசத்துக்கு வருகிறார்கள். பத்தில் ஒன்பது பேர் கிறிஸ்தவர்களாக இருக்கும் மாநிலம் இது. இந்தச் சடங்கில் தயக்கம் உள்ளவர்கள் நிறையப் பேர். ஆனாலும் சத்தியத்தின் மீதான பயம் போகவில்லை. 1937 விதிகளும் சாட்சியிடம் எந்த வடிவிலும் சத்தியம் வாங்குவதை விசாரிப்பவரின் விருப்பத்துக்கு விட்டிருக்கின்றன.

நீங்கள் ஒரு தரப்பாக இருந்தால், அவசரப்பட்டுச் சத்தியத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்டு முடிந்தபின் "எனக்கு அதில் நம்பிக்கை இல்லை" என்று மேல்முறையீடு செய்வது மிகவும் கடினம்.

படி 5: டெபுடி கமிஷனர்

நம் ஊரில் கலெக்டர் எப்படியோ அப்படி அங்கே டெபுடி கமிஷனர். நெடுங்காலம் அவரும் அவருடைய உதவியாளர்களும்தான் நிர்வாகமும் நீதியும். ஒரே ஆள் காலையில் சாலை வேலையைப் பார்த்துவிட்டு மத்தியானம் கொலை வழக்கை விசாரிக்கும் நிலை இருந்தது. நீதித்துறையை நிர்வாகத்தில் இருந்து பிரிப்பது நாகாலாந்தில் 21ஆம் நூற்றாண்டில்தான் முழு வடிவம் பெற்றது. இப்போதும் தோபாஷி நீதிமன்றத்தின் தீர்ப்பில் உடன்பாடு இல்லாதவர் வழக்காற்று விஷயங்களில் டெபுடி கமிஷனர் அல்லது கூடுதல் டெபுடி கமிஷனரிடம் போகிறார். 1937 விதிகளின் நோக்கப்படி, அவர்கள் முதலில் பார்ப்பது பேசித் தீர்க்க முடியுமா என்பதைத்தான்.

படி 6: மாவட்ட நீதிமன்றமும் கிரிமினல் வழக்கும்

இங்கே வந்துவிட்டால் உங்களுக்குப் பழக்கமான உலகம்: மாவட்ட மற்றும் அமர்வு நீதிபதி, தலைமை நீதித்துறை நடுவர், வழக்கறிஞர்கள், வாய்தா. குற்றம் எது, தண்டனை என்ன என்பதில் நாடு முழுவதற்கும் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவே அங்கேயும். எப்.ஐ.ஆர்., கைது, ஜாமீன் எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் வாதத்தில் "இந்தப் பிரிவு மீறப்பட்டது" என்று மட்டும் சொன்னால் போதாது. அந்த மீறலால் நியாயமான விசாரணை எப்படிக் கெட்டது என்று காட்ட வேண்டும். நடைமுறைச் சட்டத்தின் உணர்வைப் பின்பற்றுவது என்பதற்கு நடைமுறையில் இதுதான் அர்த்தம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பாலியல் வன்முறையை ஊரில் அபராதம் போட்டு முடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. பாதிக்கப்பட்டது குழந்தை என்றால், தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். "ஊர் மானம்" என்று யார் சொன்னாலும் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

எந்தப் படியிலும் தீராமல் நிற்கும் வழக்குகளும் உண்டு. 2021 டிசம்பர் 4 அன்று மோன் மாவட்டம் ஓட்டிங் அருகே, நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளர்கள் மீது ராணுவத்தினர் சுட்டதில் 6 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்த மோதலில் மேலும் பலர் இறந்தார்கள். மாநிலக் காவல்துறை 30 ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை போட்டது. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும், அது மறுக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கு நடவடிக்கைகளை முடித்துவைத்தது. பின்னாளில் அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்றும் சொன்னது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஊர் மன்றமும் பதில் சொல்ல முடியாது, அமர்வு நீதிமன்றமும் சொல்ல முடியாது.

படி 7: கோஹிமா அமர்வு, பிறகு டெல்லி

நாகாலாந்துக்குத் தனி உயர் நீதிமன்றம் இல்லை. 1948இல் அசாம் உயர் நீதிமன்றமாகத் தொடங்கிய கௌஹாத்தி உயர் நீதிமன்றத்தின் கோஹிமா அமர்வு 1972 டிசம்பர் 1 முதல் இருக்கிறது. 2013 மார்ச்சில் மேகாலயா, மணிப்பூர், திரிபுரா மூன்றும் தனி உயர் நீதிமன்றம் பெற்றன. நாகாலாந்து, மிசோரம், அருணாசலப் பிரதேசம் மூன்றும் இன்னும் அசாமோடுதான்.

வழக்காற்று வழக்கு இங்கே வரும்போது நீதிபதிகள் ஓடையைப் போய்ப் பார்ப்பதில்லை. கீழே விசாரித்தவர்கள் இரு தரப்பையும் கேட்டார்களா, ஒருதலையாக நடந்தார்களா, தங்களுக்கு இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்களா என்றுதான் பார்ப்பார்கள். வழக்காறு எது என்பதில் ஊர்ப் பெரியவர்களின் சொல்லுக்குக் கனம் அதிகம். பல நேரம் திரும்ப விசாரிக்கச் சொல்லி வழக்கு அதே மலைக்குத் திரும்பிவிடும். உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம்தான். ஆனால் இருபது அடி நிலத்துக்கு அந்தச் செலவு தாங்காது.

பெண்ணுக்கு இந்த வழியில் இடம் எங்கே

இந்த அமைப்பை நான் மதிக்கிறேன். அதனாலேயே இதைச் சொல்லாமல் விட முடியாது. மேலே சொன்ன ஊர் மன்றங்களில் உட்காருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பரம்பரை நிலம் ஆண் வழியில்தான் போகிறது. கணவனை இழந்தவளோ, மணமுறிவு பெற்றவளோ தன் வழக்கைச் சொல்ல வரும்போது, கேட்பவர்களில் ஒரு பெண்கூட இல்லாமல் இருப்பது சாதாரணம். நகராட்சிகளில் 33 சதவீத இட ஒதுக்கீடு 371ஏ பிரிவுக்கு விரோதம் என்று எதிர்ப்பு எழுந்து, 2017இல் கோஹிமாவில் அரசுக் கட்டடங்கள் எரிந்தன. அந்த ஒதுக்கீட்டோடு தேர்தல் நடக்க 2024 ஜூன் ஆயிற்று. மாநிலச் சட்டமன்றத்துக்கு முதல் பெண் உறுப்பினர்கள், ஹேகானி ஜக்காலுவும் சல்ஹௌதுவோனுவோ க்ரூஸும், 2023இல்தான் வந்தார்கள். வழக்காறு மாறாதது என்று சொல்பவர்களுக்கு ஒன்று: தலைவெட்டுப் போரும் ஒரு காலத்தில் வழக்காறுதான். அதை நாகா மக்கள் விட்டுவிட்டார்கள்.

நடைமுறையில் உதவும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். முதலாவது, தந்தை தானே சம்பாதித்து வாங்கிய நிலத்தை மகளுக்குக் கொடுக்கப் பல இனங்களில் தடை இல்லை. ஆனால் அவர் உயிரோடு இருக்கும்போதே, குலத்தின் மூத்தவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட, எழுதி வாங்கிவிட வேண்டும். வாய்ச்சொல் அவரோடு போய்விடும். இரண்டாவது, 1987ஆம் வருடச் சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. அதாவது நாகாலாந்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் கோஹிமாவில் இருக்கிறது. மாவட்டங்களிலும் கிளைகள் உண்டு. கூப்பிட வேண்டிய எண் 15100. கூப்பிடும்போது ஊர் மன்றம் எழுதிக் கொடுத்த அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.